சிமுலேட்டர்ல விமானம் ஏன் திக்கித் திக்கிப் பறக்குது? கார்டு மாத்துறதுக்கு முன்னாடி ஒரு விசாரணை

(எபிசோடில் பேசியதில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை வெட்டி, படிக்கிற மாதிரி தொகுத்தது.)

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்குல ஆரம்பிக்கலாம். ஒரு செகண்ட் எடுத்துக்கோங்க. அந்த ஒரு செகண்டில் உங்க கம்ப்யூட்டர் 60 ஃப்ரேம் வரைகிறது. அதில் 59 ஃப்ரேம் தலா 10 மில்லி செகண்டில் முடிந்துவிட்டது. மொத்தம் 590. மிச்சம் இருந்த ஒரே ஒரு ஃப்ரேம் 410 மில்லி செகண்ட் இழுத்துவிட்டது. இப்போ ஸ்க்ரீன் மூலையில் ஓடுகிற எஃப்பிஎஸ் எண் என்ன காட்டும்? 60. கம்பீரமா 60. ஆனா உங்க கண்ணுக்கு விமானம் அந்தரத்தில் நின்றுவிட்டு, குதித்து, மறுபடி கிளம்பிய மாதிரி இருக்கும்.

வேற கேம்ல 410 மில்லி செகண்ட் போனா எரிச்சலோட முடிஞ்சிடும். ஃப்ளைட் சிமுலேட்டர்ல அப்படி இல்லை. ஒரு ஏ320 விமானம் சுமார் 140 நாட் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்டுக்கு 72 மீட்டர். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 700 அடி கீழே வருகிறது. அந்த 410 மில்லி செகண்டில் 30 மீட்டர் முன்னாலும் 5 அடி கீழேயும் போயிருக்கும். மூக்கைத் தூக்க ஆரம்பிப்பதே தரையிலிருந்து 30 அடி வாக்கில்தான். அங்கே 5 அடியை நீங்க பார்க்கவே இல்லைன்னா, ஸ்டிக்கை லேட்டா இழுப்பீங்க, லேட்டா இழுத்ததை ஈடு கட்ட அதிகமா இழுப்பீங்க. அப்புறம் லேண்டிங் எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால முதல் விஷயம்: எஃப்பிஎஸ் எண்ணை மறந்துடுங்க. நமக்கு வேண்டியது ஃப்ரேம் டைம். ஒவ்வொரு ஃப்ரேமும் எத்தனை மில்லி செகண்ட் எடுத்தது என்ற வரைபடம். இதற்கு கேப்ஃப்ரேம்எக்ஸ், இன்டெல் கொடுக்கும் பிரசென்ட்மோன் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. பதிவு செய்து, கோடு எப்படிப் போகிறது என்று பாருங்க. கோடு மேடு பள்ளம் இல்லாமல் படுத்திருந்தால், 33 மில்லி செகண்டாக இருந்தாலும் பார்க்க வழவழன்னு இருக்கும். முள் முள்ளாக நட்டுக்கிட்டு இருந்தால், சராசரி எவ்வளவு நல்லா இருந்தாலும் திக்கும்.

இதை நான் ஒரு நேயர் அண்ணனுக்கு விளக்கினப்போ அவர் சிரிச்சுட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர். "தம்பி, இது எங்க வேலைதான். மோட்டார் ட்ரிப் ஆச்சுன்னா நாங்க சராசரி லோடை பார்க்க மாட்டோம். ட்ரிப் ஆன அந்த நேரத்துல ட்ரெண்ட்ல என்ன இருந்துச்சுன்னுதான் பார்ப்போம்"னார். அவ்வளவுதான். இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு வரியின் விரிவாக்கம்னே வச்சுக்கலாம். அவருடைய கேஸையே எடுத்துப் பேசுகிறேன், அவர் அனுமதியோட.

அவர்கிட்ட இருந்தது: ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 16 ஜிபி ரேம், விண்டோஸும் சிமுலேட்டரும் இருக்கிற ஒரு எஸ்எஸ்டி, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஜாய்ஸ்டிக், த்ராட்டில், ரடர் பெடல். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020. ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஒரு மணி நேரம் பறப்பார். முதலில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இதுதான்: "சீட்டு எடுத்திருக்கேன் தம்பி. 55,000 ரூபாய்க்கு ஒரு கார்டு பார்த்து வச்சிருக்கேன். ஜூன்ல பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும், அதுக்கு வேற வழி பாத்துக்கலாம்னு இருக்கேன். இந்தக் கார்டு போட்டா நிக்கிறது சரியாயிடுமா, மட்டும் சொல்லு."

எப்படி நிக்குதுண்ணேன்னு கேட்டேன். "எல்லா மாதிரியும் நிக்குது"ன்னார். அந்த பதில்லயே விஷயம் இருந்தது. எல்லா மாதிரியும் நிற்கிறதென்றால் ஒரு காரணம் இருக்க வாய்ப்பு குறைவு. மூணு நாலு நோய் ஒண்ணா சேர்ந்து ஒரே காய்ச்சலா தெரியுது.

சோதனைக்கு ஒரு ரூட் வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே ரூட், ஒரே நேரம், ஒரே வானிலை. லைவ் வெதரை ஆஃப் பண்ணிட்டு தெளிந்த வானம், லைவ் ட்ராஃபிக் ஆஃப். இல்லன்னா நேத்து ஓடினதையும் இன்னைக்கு ஓடினதையும் ஒப்பிடவே முடியாது. நாங்க எடுத்த ரூட் நம்ம ஊர்ப் பக்கம்தான். சென்னை ஏர்போர்ட்டில் செஸ்னா 172-ல கிளம்பி, ஊருக்கு மேலேயே வடக்கே போய், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகம் தாண்டி, பழவேற்காடு ஏரி. இருபது நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் அதே வழியில் திரும்பி வந்து இறங்கணும். நிஜத்தில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா இருப்பதால் வான்வெளிக் கட்டுப்பாடு உண்டு, சிமுலேட்டரில் யாரும் கேட்க மாட்டாங்க.

ஏன் இந்த ரூட்? சென்னைக்கு மேலே ஆயிரக்கணக்கான கட்டடங்களை சிமுலேட்டர் வரைந்தாக வேண்டும். பழவேற்காட்டுக்கு மேலே பெரும்பாலும் தண்ணீர். சென்னையில் திக்கி ஏரிக்கு மேலே சரியாகிவிட்டால், பிரச்சினை காட்சிகளின் சுமையில் இருக்கிறது. வெறும் தண்ணிக்கு மேலேயும் நிக்குதுன்னா, காட்சிக்கு சம்பந்தமே இல்லாத ஏதோ ஒண்ணு. பைசா செலவில்லாத சோதனை. திருச்சிக்காரங்க ஊருக்கு மேலே ஒரு தடவை, வயக்காட்டுக்கு மேலே ஒரு தடவை பறந்து பார்க்கலாம்.

அண்ணனுடைய லாகில் நாலு விதமான கோளாறு தெரிந்தது. ஒவ்வொண்ணா வர்றேன்.

முதலாவது, ஏரிக்கு மேலே பறக்கும்போது. அங்கே முள்ளே இல்லை. கோடு 22-க்கும் 26-க்கும் நடுவில் அலையுது. அதாவது 38-ல் இருந்து 45 எஃப்பிஎஸ். நல்லாதானே இருக்கு? ஆனா அவர் கண்ணுக்கு சின்னச் சின்ன ஜெர்க் தெரியுது, குறிப்பா விமானத்தைத் திருப்பும்போது. காரணம் மானிட்டர். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை படத்தை மாற்றும். 24 மில்லி செகண்டில் தயாராகும் படம் அந்தத் தாளத்தோடு ஒட்டாது. ஒரு படம் ஒரு துடிப்புக்கு நிற்கும், அடுத்தது இரண்டு துடிப்புக்கு நிற்கும். மேளம் ஒரு தாளம், நாதஸ்வரம் ஒரு தாளம்னா எப்படி இருக்கும், அப்படி.

இதுக்கு வழி, ஃப்ரேமைக் கூட்டுவதில்லை, குறைப்பதுதான். வி-சிங்க் போட்டு 30-ல் கட்டிவிட்டால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு துடிப்பு நிற்கும். 45-ஐ 30 ஆக்கச் சொன்னப்போ அண்ணன் சந்தேகமாத்தான் கேட்டார், காசு குடுத்து வாங்கின குதிரையை நொண்ட விடச் சொல்ற மாதிரி இருக்கேன்னு. போட்டுப் பார்த்துட்டு, அதை மறுபடி எடுக்கவே இல்லை. விஆர்ஆர் உள்ள மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அங்கே மானிட்டரே கார்டுக்காகக் காத்திருக்கும்.

இரண்டாவது, சென்னைக்கு மேலே. அங்கே கோடு 40, 50 மில்லி செகண்டுக்கு ஏறுது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சிபியு 30 சதவீதம்தான். "சிபியு சும்மாதானே இருக்கு, அப்போ கார்டுதானே பத்தல?" இந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. நான் வேலை பார்க்கிறதும் சாஃப்ட்வேர்லதான், இது நாங்க தினமும் முட்டிக்கிற சுவர். விமானத்தின் இயக்கம், காக்பிட் கருவிகள், மற்ற விமானங்கள், ஆட்-ஆன்கள் என்று பெரும்பாலான வேலை மெயின் த்ரெட் என்ற ஒரே வரிசையில் வந்து நிற்கிறது. பன்னிரண்டு கவுண்டர் இருக்கிற ஆபீஸ்ல கையெழுத்துப் போடுறவர் ஒருத்தர்தான்னா, பதினோரு கவுண்டர் காலியா இருந்து என்ன புண்ணியம்? மொத்த சராசரி 30 சதவீதம் காட்டும், அந்த ஒருத்தர் மூச்சுத் திணறிக்கிட்டு இருப்பார்.

இதை ஊகிக்க வேண்டாம். சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை ஆன் பண்ணி எஃப்பிஎஸ் பெட்டியைத் திறந்தால், எது தடுக்கிறது என்று அதுவே எழுதிக் காட்டும்: மெயின் த்ரெடா, ஜிபியுவா. இன்னொரு சோதனை, ரெண்டர் ஸ்கேலிங்கை 100-ல் இருந்து 50 ஆக்குங்க. படம் கலங்கும், பரவாயில்லை. கார்டுதான் பாவம் என்றால் ஃப்ரேம் டைம் டக்குன்னு இறங்கும். அசையவே இல்லைன்னா கார்டுமேல குற்றமில்லை. அண்ணன் கேஸில் அசையவில்லை. 55,000 ரூபாய் கார்டு போட்டிருந்தாலும் சென்னைக்கு மேலே பெரிசா எதுவும் மாறியிருக்காது. அந்த வரைபடத்தை அனுப்பி இதை நான் சொன்னப்போ கொஞ்ச நேரம் பதிலே வரலை.

மெயின் த்ரெடுக்கு சுமையைக் குறைக்கிற செட்டிங் வேற, கார்டுக்குக் குறைக்கிறது வேற. இங்கேதான் நிறைய பேர் எல்லாத்தையும் ஒண்ணா லோ-வில் தள்ளிவிட்டு, அசிங்கமான படத்தோட அதே திக்கலை அனுபவிக்கிறாங்க. மேகம், ரிஃப்ளெக்‌ஷன், நிழலின் தரம் எல்லாம் பெரும்பாலும் கார்டின் தலையில். டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெயில், ஏர்போர்ட்டில் நிற்கும் விமானங்களும் வண்டிகளும், காக்பிட் ஸ்க்ரீனின் ரிஃப்ரெஷ் வேகம் எல்லாம் மெயின் த்ரெடின் தலையில். அண்ணன் டெரெய்னை 200-ல் இருந்து 100-க்கு இறக்கினார், ஏர்போர்ட் வண்டிகளைக் குறைத்தார். மேகத்தைத் தொடவே இல்லை. சென்னைக்கு மேலே 33 மில்லி செகண்டுக்குள் அடங்கிவிட்டது.

மூணாவதுதான் அவரை ரொம்ப வதைச்சது. ஏரியில் இருந்து திரும்பி, சென்னையை நெருங்கி இறங்கும்போது இரண்டு, மூன்று செகண்ட் முழுசா உறைந்துவிடும். அந்த நேரத்தை லாகில் குறித்துக்கொண்டு, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பக்கம் பார்க்கச் சொன்னேன். எஸ்எஸ்டி அமைதி. பழைய ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம். அதில் சிமுலேட்டர் ஃபைல் ஒண்ணுமே இல்லையே, அது ஏன் ஓடணும்?

பேஜ் ஃபைல். ரேம் நிரம்பும்போது விண்டோஸ் கொஞ்சத்தை டிஸ்கில் இறக்கி வைக்கும் இடம். சாதாரணமா அது விண்டோஸ் இருக்கிற டிரைவிலேயே இருக்கும். எஸ்எஸ்டி ஆயுசு போயிடும்னு ஏதோ ஒரு வீடியோ பார்த்துட்டு, அதை ஹார்ட் டிஸ்குக்கு மாத்தி வச்சிருந்தார். 2020 சிமுலேட்டருக்கு குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 16, சிறப்பு என்றால் 32 ஜிபி ரேம் என்று அறிவித்திருக்கிறார்கள். 16-ல் ஓடும், ஆனா பக்கத்தில் பிரௌசரில் பத்து டேப், அதில் ஏர்போர்ட் சார்ட், பின்னணியில் யூடியூப் பாட்டு. நகரம் நெருங்கி புதுக் காட்சிகள் வரும்போது ரேமில் இடமில்லை. தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்கில் எழுதிப் படிச்சு வர்ற வரைக்கும் விமானம் அந்தரத்தில். பேஜ் ஃபைலை எஸ்எஸ்டிக்கே திருப்பி, அளவை விண்டோஸ் முடிவுக்கு விட்டு, சார்ட்டை போனில் பார்க்கத் தொடங்கியதும் அந்த நீண்ட உறைதல் போய்விட்டது. பிறகு அவர் இன்னொரு 16 ஜிபி ரேம் சேர்த்தார். இருந்தது ஒற்றைக் குச்சி என்பதால், ஜோடி சேர்ந்ததும் மெயின் த்ரெடுக்கும் கொஞ்சம் ஆறுதல். மொத்தச் செலவு இவ்வளவுதான்.

நாலாவது. எனக்கு ரொம்பப் பிடிச்சது, கண்டுபிடிச்சது அவர்தான்.

எல்லாம் சரியான பிறகும் எப்போதாவது ஒரு நிறுத்தம். ஏரிக்கு மேலேயும் வரும், மேகத்துக்குள்ளேயும் வரும். ரேம் இருக்கு, டிஸ்க் அமைதி, சிபியு அமைதி. நான் டிரைவர், ஆட்-ஆன், ஆன்டிவைரஸ் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தேன். அவர் தன் வேலை பாணியில் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சார்: தேதி, நேரம், என்ன சத்தம். பத்து நாள் கழிச்சு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். எல்லாமே சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுக்குள். ஞாயிற்றுக்கிழமை ஒண்ணுகூட இல்லை. நிறுத்தத்துக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் விண்டோஸின் "டொய்ங்" சத்தம், யூஎஸ்பி சாதனம் கழன்று மாட்டும்போது வருமே, அது.

"தம்பி, பக்கத்துத் தெருவுல வெல்டிங் பட்டறை இருக்கு. ஞாயித்துக்கிழமை லீவு."

கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருந்தது. ஜாய்ஸ்டிக், த்ராட்டில், பெடல் மூன்றும் ஒரு யூஎஸ்பி ஹப்பில். அந்த ஹப்புக்கு மட்டும் தனி அடாப்டர், நேராக சுவர் ப்ளக்கில். அதுவும் வீட்டில் கிடந்த பழைய, கனமான, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ரகம். இப்போது வரும் பெரும்பாலான அடாப்டர்களில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், வோல்டேஜ் கொஞ்சம் சரிந்தாலும் உள்ளே சமாளித்து அதே 5 வோல்ட் கொடுக்கும். பழைய ரகத்தில் சுவரில் சரிந்தால் வெளியிலும் சரியும். அண்ணன் மல்டிமீட்டரை மின்-மேக்ஸ் மோடில் ப்ளக்கில் மாட்டி வச்சார். பட்டறையில் வேலை ஓடின சாயங்காலம் குறைந்தபட்ச அளவு 190-க்குக் கீழே பதிவாகியிருந்தது. டியூப் லைட் ஒரு கணம் மங்கும், ஹப் செத்துப் பிழைக்கும், மூன்று சாதனமும் ஒன்றாகக் கழன்று மாட்டும், சிமுலேட்டர் அவற்றை மறுபடி அடையாளம் காணும் வரை உறையும். லைட் மங்குறதை யாரும் பொருட்படுத்த மாட்டோம், நம்ம பக்கம் அது சகஜம். கம்ப்யூட்டர் அணையாததால் கரண்ட் மேல சந்தேகமே வரலை.

ஹப் அடாப்டரை யூபிஎஸ்ஸில் மாட்டினார். நின்றது. ஜாய்ஸ்டிக்கை நேராக மதர்போர்டின் பின்பக்க யூஎஸ்பியில் செருகியிருந்தாலும் போதும்.

யூஎஸ்பி கழன்று மாட்டும் சத்தம் கேட்டால் கரண்ட் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டாதீங்க. மின்சாரம் சேமிக்க விண்டோஸ் யூஎஸ்பி சாதனங்களைத் தூங்க வைக்கும் செட்டிங் ஒன்று பவர் ஆப்ஷனில் இருக்கிறது, அதையும் ஆஃப் செய்து பாருங்க. ஆனா ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ரெண்டை ஒண்ணா மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாம போயிடும்.

மிச்சம் சில விஷயங்களை வேகமா சொல்லிடுறேன்.

லேப்டாப்காரங்க. அண்ணன் மாதிரி வோல்டேஜ் சரிவு உங்களுக்கும் வேற ரூபத்தில் வரும். சார்ஜர் ஒரு கணம் விட்டால் லேப்டாப் பேட்டரிக்குத் தாவும், உடனே கார்டின் பவரைக் குறைக்கும், ஃப்ரேம் பாதியாகும். பேட்டரி ஐகான் மாறுதான்னு கவனிங்க. இன்னொன்று சூடு. திருவள்ளூரில் மே மாசம் 40 டிகிரி தாண்டும் நாட்களில், ஃபேன் காற்றே சூடான காற்று. முதல் இருபது நிமிஷம் நல்லா ஓடி, அப்புறம் மெதுவா கெட்டுப்போனால் சிபியு வெப்பத்தையும் கிளாக் வேகத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்க. வெப்பம் உச்சத்தில் ஒட்டிக்கொண்டு வேகம் இறங்கினால், ஹீட்சிங்க் தூசியைத் தட்டுங்க. ஃபேக்டரி ஏரியாவில் இருப்பவர்கள் இதை வருஷத்துக்கு ஒரு தடவை என்று விடாதீங்க.

நெட். தரைக் காட்சிகளை சிமுலேட்டர் இணையத்தில் இருந்து இழுக்கிறது. 2020-க்கு குறைந்தபட்சம் 5 எம்பிபிஎஸ், பரிந்துரை 20. சந்தேகமென்றால் ஆன்லைன் டேட்டாவை ஆஃப் பண்ணி அதே ரூட்டில் பறங்க. நிறுத்தம் போய்விட்டால் வீட்டு வைஃபையைப் பாருங்க, முடிந்தால் லேன் கேபிள் போடுங்க. சில சமயம் உங்க வீட்டில் ஒண்ணுமே தப்பிருக்காது. 2024 நவம்பர் 19 அன்று அடுத்த பதிப்பு வந்தபோது கூட்டம் தாங்காமல் சர்வர் திணறி, உலகம் முழுக்க மக்கள் லோடிங் ஸ்க்ரீனிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அன்னைக்கு யாராவது விண்டோஸை ஃபார்மட் பண்ணியிருந்தால் பாவம்.

டிரைவரோ சிமுலேட்டரோ அப்டேட் ஆன பிறகு முதல் ஃப்ளைட்டில் திக்கினால் பதறாதீங்க. ஷேடர்களைப் புதிதாகத் தயாரிக்கிறது, இரண்டாவது ஃப்ளைட்டையும் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க. எக்ஸ்-பிளேன் 11 இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் 2020-ல் 11.50 பதிப்பில் வல்கனுக்கு மாறியது. ஆட்-ஆன் மேல சந்தேகமா? கம்யூனிட்டி ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, வெறும் ஃபோல்டரோடு ஒரு தடவை பறங்க. கேம் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் வகையறாவுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: வேண்டாம். ஏற்கனவே நெரிசலான ரோட்டில் இன்னொரு வண்டி.

அண்ணன் கார்டு வாங்கவில்லை. சீட்டுப் பணம் ஃபீஸுக்குப் போகிறது. பழவேற்காட்டிலிருந்து திரும்பி இறங்கின அவருடைய கடைசி லாகில் ஒரே ஒரு முள், 70 மில்லி செகண்ட். அது என்னன்னு நாங்க இன்னும் பார்க்கல, அவர் விடுற மாதிரியும் தெரியல.

உங்க கேஸையும் அனுப்பலாம். "லேக் அடிக்குது ப்ரோ"ன்னு மட்டும் அனுப்பாதீங்க. ஃப்ரேம் டைம் லாக் ஃபைல், நிறுத்தம் வந்த நேரம், அந்த நேரத்தில் காதில் என்ன சத்தம் கேட்டது, லைட் மங்கியதா. இவ்வளவு இருந்தால் அடுத்த எபிசோடில் எடுத்துப் பேசலாம்.